ஒரு பேர் குறைகிறது

என் அண்ணன் பெண்டாட்டி பிளாந்தினா மைனிக்கு ஆண்பிள்ளை பிறந்த ஒன்பதாம் நாள், கோயில் மணி நடுப்பகல் பன்னிரண்டு அடித்து ஓய்வதற்குள், எங்கள் பாட்டன்மார் காலத்துக்கும் முன்னால் கப்பல் உடைந்து செத்துப்போன அயர்லாந்துக்காரர்கள் ஏழு பேர் ஒரு மரப்படகில் துடுப்புப் போட்டுக்கொண்டு புன்னைத்துறைக் கரைக்கு வந்து, படகை ஈரமணலில் ஏற்றிவிட்டு அதன் பக்கத்திலேயே வரிசையாக உட்கார்ந்தார்கள். கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்கள் காக்கை விரட்டும் கம்பைக் கீழே வைத்துவிட்டு அவர்களை மேலும் கீழும் பார்த்தார்கள். எங்கள் கரையில் எதையும் முதலில் கேட்கிறவள் செலஸ்தீனம்மாள், அவள்தான் கேட்டாள்.

"யாரு வீட்டுக்கு வந்திருக்கிய?"

அவர்களுக்குப் புரியவில்லை. கம்பளிச் சட்டைகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து கொடுத்தார்கள், குடித்தார்கள்.

யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் தேவை எங்களுக்கு இருக்கவில்லை. கோயிலுக்குப் பின்னால் மணல்மேட்டில் ஒரு கல் நிற்கிறது. அயர்லாந்து தேசத்து மாலுமிகள் எட்டுப் பேர் என்று தொடங்கி அவர்களுடைய பெயர்கள் அதில் வெட்டப்பட்டிருக்கின்றன. கல்லைச் சுற்றி ஏழு குழிகள்தான் உண்டு, ஏனென்றால் எட்டாமவனான தெக்லானின் உடல் கரைக்கு வரவே இல்லை. அந்தக் குழிகளை வெட்டியவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர்களை இட்டார்கள், அப்படிப் பெயர் இட்ட பிள்ளைகள் எந்தப் புயலிலும் சாகவில்லை, தண்ணீருக்கடியில் கிடக்கும் பார் தட்டிக் கவிழ்ந்த படகிலிருந்து எல்லோரும் போனபோதும் பிரந்தான் என்றும் கெவின் என்றும் பெயர் கொண்டவர்கள் மட்டும் ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார்கள், அன்றிலிருந்து ஏழு பெயர்களும் எங்கள் ஊரில் சும்மா கிடந்ததே இல்லை. ஒருவன் தரையில், கட்டிலில், வயதாகிச் செத்தால்தான் அவன் பெயர் அடுத்த பிள்ளைக்கு வரும். எட்டாவது பெயரை யாரும் தொட்டதில்லை. மண்ணில் கிடக்கிறவன் தன் பெயர்க்காரனை மண்ணுக்கு இழுப்பான், தண்ணீரில் கிடக்கிறவன் எங்கே இழுப்பான் என்று அதற்குக் காரணம் சொல்வார்கள்.

பிளாந்தினா மைனியின் அண்ணன்மார் இரண்டு பேர், நல்ல புனிதர்களின் பெயர் கொண்டவர்கள், ஒரே அமாவாசையில் கடலோடு போனவர்கள். அதனால் அவள் வயிற்றில் பிள்ளை தங்கிய நாளிலிருந்து கல்லில் உள்ள பெயர் ஒன்று வேண்டும் என்று காத்திருந்தாள். தவக்காலத்தில், கிழிந்த வலை பொத்தும் ரோனான் சர்க்கரை முற்றிக் கட்டிலில் செத்தபோது, ஊரே அழுதது, அவளும் அழுதாள், அழுது முடித்துவிட்டு வீட்டுக்கு வந்து என் அண்ணன் தார்சிஸிடம், "பிள்ளைக்குப் பேரு கெடைச்சிட்டு," என்றாள்.

ஆகவே ரோனான் என்றுதான் இருந்தது. படகு வரும்வரைக்கும் அப்படித்தான் இருந்தது.

ஏழு பேரும் முதல் நாள் மாலைமணி அடித்ததும் எழுந்து துடுப்புகளை எடுத்துக்கொண்டு போனார்கள், மறுநாள் பன்னிரண்டு மணிக்குத் திரும்பி வந்தார்கள், அதற்கு மறுநாளும் வந்தார்கள், ஒரு வாரத்துக்குள் அவர்கள் வருவது கோயில் மணியைப் போலவே ஆகிவிட்டது. தையல்காரி ஏழு சட்டை தைத்துக் கொடுத்தாள், அவை போட்ட மாத்திரத்தில் நனைந்தன. போலீஸ்காரர் ஒருவர் வந்து அடையாள அட்டை கேட்டு, கிடைக்காமல், கரை ஒதுங்கியவர்கள் என்று எழுதிக்கொண்டு ஒரு பை நெத்திலிக் கருவாட்டோடு திரும்பிப் போனார். பங்குச்சாமியார் தீர்த்தம் தெளித்தார். ஏற்கெனவே நனைந்து கிடக்கிறவர்கள்மேல் இதையும் ஊற்றுவானேன் என்று செலஸ்தீனம்மாள் சொன்னதைக் கேட்டு அவரும் சிரித்தார். எஞ்சின் மெக்கானிக் கெவின் ஒரு பொட்டலம் பிஸ்கட்டோடு போய், இருபது வயதுகூட நிரம்பாத செத்த கெவினுக்கு முன்னால் முட்டிபோட்டு, "தாத்தா, என்னைத் தெரியுதா? ஒங்க பேரன்," என்றார். மெக்கானிக்குக்கு ஐம்பத்திரண்டு வயது, பேரன் பேத்தி எடுத்தவர். பெயரைச் சுமப்பவன் பேரன்தான் என்பதால் யாரும் அதில் குற்றம் காணவில்லை.

மீன் நின்றுபோனதை மட்டும் நாங்கள் மூன்றாம் நாள்தான் கவனித்தோம். படகுகள் போயின, வலை போட்டார்கள், வலை போட்டபடியே திரும்பி வந்தது. ஒரு சாளைகூட இல்லை. கடல் எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடந்தது. பத்து நாள் போனது, இருபது நாள் போனது, ஐஸ் வண்டிகள் வருவதை நிறுத்தின, கருவாட்டுத் தளத்தில் காக்கைகள் வெறும் சிமெண்டைக் கொத்தின.

ஊர்க்கமிட்டித் தலைவர் பர்னபாஸ் மாமா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"நீ இங்கிலீஷ் படிச்ச பிள்ளைலா. என்ன வேணும்னு கேட்டுச் சொல்லு மக்கா."

"எனக்குப் பேச வராது மாமா, எழுதத்தான் வரும்."

"எழுதுனா நனைஞ்சிரும். பேசு."

என் ஆங்கிலம் அவர்களுக்குப் புரியவில்லை. அவர்களுக்கு இருந்தது வேறு ஏதோ பழைய பாஷை, தொண்டைக்குள் அலை உருள்வதைப் போன்றது. ஆகவே நான் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் சின்னப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதைப்போல ஆரம்பித்தேன். என் நெஞ்சைத் தொட்டு, "பேரு எமரன்சி," என்றேன். அவர்களில் மூத்தவர், சிவந்த தாடிக்காரர், தன் நெஞ்சைத் தொட்டு, "பேரு பிரந்தான்," என்றார். மறுநாள் சிப்பிகளை வைத்து எண்ணவும், ஒன்றை ஒளித்துவைத்தால் குறையுது என்று சொல்லவும் கற்றுக்கொடுத்தேன். அதற்கு அடுத்த நாள், சிப்பி என்றால் ரெண்டு, மூணு என்று விடலாம், மனிதர் என்றால் ரெண்டு பேரு, மூணு பேரு என்று சொல்ல வேண்டும் என்று அவர்களையே தொட்டுத் தொட்டு எண்ணிக் காட்டினேன். ஒருவர் என்றால் எப்படிச் சொல்வது என்று காட்ட எனக்குத் தோன்றவில்லை. அவர்கள் எப்போதும் ஏழு பேராகத்தான் இருந்தார்கள்.

நான்காம் நாள் பிரந்தான், யாரும் கேட்காமலே, ஊரைப் பார்த்துக் கையை நீட்டி, தெளிவாகச் சொன்னார்.

"ஒரு பேரு குறையுது."

அன்று மாலையே கமிட்டி கூடியது. ஒரு பேரு குறையுது என்றால் கல்லில் உள்ளவற்றில் யாருக்கும் இடாத ஒரு பேர் குறைகிறது, அது தெக்லான், அந்தப் பெயரை ஊர் இத்தனை வருஷமாக ஒதுக்கி வைத்ததால் மற்ற ஏழு பேரும் கேட்டு வந்திருக்கிறார்கள், இட்டுவிட்டால் போய்விடுவார்கள், மீன் வரும் என்று பர்னபாஸ் மாமா சொல்ல, எல்லோரும் தலையாட்டினார்கள். ஊரில் ஞானஸ்நானம் கொடுக்காத ஆண்பிள்ளை ஒன்றுதான் இருந்தது.

மறுநாளிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஆள் வரத்து நிற்கவில்லை. இருந்த அரிசியில் பங்கு கொண்டுவந்தார்கள், பிள்ளைக்கு வெள்ளி அரைஞாண் கொண்டுவந்தார்கள், தொட்டிலுக்குள் குனிந்து, "தெக்லானு, தெக்லானுக் கண்ணு," என்று கொஞ்சினார்கள். மைனி பிள்ளையைத் திருப்பிப் போட்டுப் படுக்கவைத்து, "இவன் பேரு ரோனான்," என்பாள்.

"ரோனானும் அந்தக் கல்லுல உள்ள பேருதான், தெக்லானும் அந்தக் கல்லுல உள்ள பேருதான்," என்றாள் செலஸ்தீனம்மாள். "எழுத்துகூடப் பெருசா வித்தியாசம் இல்லட்டி."

"வித்தியாசம் இல்லைன்னா ஒம்ம மருமகளுக்கு அடுத்தது பெறந்ததும் வையும்."

"அவளுக்கு இன்னும் ஆறு மாசம் கெடக்கு. அதுவரைக்கும் ஊரு காத்தைத் திங்குமா?"

தார்சிஸ் அண்ணன் வலையை மடித்துக்கொண்டும் பிரித்துக்கொண்டும் இருந்தான். இரவுச் சாப்பாட்டின்போது ஒருமுறை, தட்டைப் பார்த்துக்கொண்டே, "பேருதானே பிளாந்தினா," என்றான். அவள் அவனுக்கு மறுசோறு வைக்காமல் பானையை மூடினாள்.

பிள்ளை பிறந்து நாற்பது நாள் கழிந்து வந்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஞானஸ்நானம் குறித்தார்கள், திருப்பலி பகல் பதினொன்றுக்கு. நான்தான் ஞானத்தாய். எங்கள் ஊர் வழக்கத்தில் பிள்ளையின் பெயரைச் சாமியாரிடம் சொல்பவள் ஞானத்தாய், அவள் வாயிலிருந்து வந்தது எதுவோ அதுதான் பெயர், யாராலும் மாற்ற முடியாது. ஊர் முழுவதும் என்னைப் பார்த்துச் சிரித்தது. மைனி மட்டும் சிரிக்கவில்லை. ஆனாலும் நாள் ஆக ஆக, பானையிலிருந்த அரிசி குறையக் குறைய, அவளும் சோர்ந்துபோய், "பேருதானே," என்று தனக்குத்தானே சொல்லிப் பார்ப்பதை நான் கேட்டேன்.

அந்த ஞாயிறு, பூசை நடக்கும்போதே பன்னிரண்டு அடித்தது. பெயர் வைக்கப் போகிறோம் என்று அவர்களிடம் சொல்லிவிட்டு வா என்று பர்னபாஸ் மாமா என்னை அனுப்பினார். நான் கரைக்குப் போனபோது பிரந்தான் படகுக்குள் நின்று, துடுப்புப் போடுகிறவர்கள் உட்காரும் பலகைகளை ஒவ்வொன்றாகக் கையால் தட்டி எண்ணிக்கொண்டிருந்தார்.

"ஒரு பேரு. ரெண்டு பேரு. மூணு பேரு," என்றார். மூன்றாவது இடத்தில் ஒல்லியான ஒருவர் உட்கார்ந்திருந்தார், அவர்தான் ரோனான். "நாலு பேரு. அஞ்சு பேரு. ஆறு பேரு. ஏழு பேரு."

பிறகு எட்டாவது இடத்துக்கு வந்தார். அங்கே ஆள் இல்லை, குறுக்கே ஒரு துடுப்பு மட்டும் கிடந்தது. அதை நகர்த்திவிட்டு, பலகையின்மேல் இருந்த மணலை உள்ளங்கையால் பதமாகத் துடைத்தார். தன் கம்பளிக் கழுத்துத்துணியை அவிழ்த்து நான்காக மடித்து, குட்டையான ஒருவர் உட்கார்ந்தால் உயரம் எட்டுவதற்கு வைப்பதுபோல, அந்தப் பலகையின்மேல் வைத்தார்.

"ஒரு பேரு," என்றார், எங்கள் வீட்டுத் திசையைப் பார்த்து.

நான் ஓடினேன். மணலில் ஓடிப் பழக்கமில்லாததால் செருப்பு இரண்டும் கழன்றுபோயின. கோயிலுக்குள் ஊரே தீர்த்தத்தொட்டியைச் சுற்றி நின்றது, சாமியார் வெள்ளைத்துணியைக் கையில் வைத்திருந்தார், மைனி பிள்ளையை ஏந்தியிருந்தாள், தார்சிஸ் அண்ணன் மெழுகுவர்த்தியைப் பிடித்திருந்தான்.

"ஞானத்தாய் ஓட்டப்பந்தயத்துல செயிச்சிட்டு வாரா," என்றார் மெக்கானிக் கெவின். சிலர் சிரித்தார்கள்.

"அவிய பேரைக் கேக்கல," என்றேன். மூச்சு வாங்கியது. "ஆளைக் கேக்காவ. படகுல ஒரு எடம் காலியா இருக்கு. நான்தான் தப்பாச் சொல்லிக்கொடுத்துட்டேன். ஒரு ஆளுங்கறதைத்தான் ஒரு பேருன்னு சொல்லுதாவ. தெக்லான்னு பேரு வச்சா, அந்த எடம் இவனுக்கு."

யாராவது நெஞ்சில் கைவைப்பார்கள், மாதாவே என்பார்கள், பிள்ளையைச் சுற்றி நெருங்கி நிற்பார்கள் என்று நினைத்தேன். செலஸ்தீனம்மாள் முக்காட்டைச் சரிசெய்தாள். கெவின் கூரையில் மின்விசிறி சுற்றுவதைப் பார்த்தார். பின்வரிசையில் யாரோ இருமினார்கள்.

"தெரியும் மக்கா," என்றார் பர்னபாஸ் மாமா.

மைனி அவரைப் பார்த்தாள். "எப்பத்திலருந்து?"

"கமிட்டி கூடுன மொத நாள்லருந்து," என்றாள் செலஸ்தீனம்மாள். அவள் குரலில் கொடுமை ஏதும் இல்லை, கறிக்குப் புளி போதுமா என்று கேட்கிறவளின் குரல்தான். "இன்னைக்கே கொண்டுபோயிருவாவன்னு யாருட்டி சொன்னா? பச்சப்பிள்ளை துடுப்பு போடுமா? வளந்து ஆளானப்புறந்தான் வருவாவ. இருபது வருஷம் கெடக்கு. அதுக்குள்ள எம்புட்டோ நடக்கும். நீ இன்னும் நாலு பெத்துருவ."

மைனி தார்சிஸ் அண்ணனின் பக்கம் திரும்பினாள். "ஒங்களுக்குமா?"

அவன் மெழுகுவர்த்தியைப் பார்த்தான். உருகிய மெழுகு விரலில் வழிந்துகொண்டிருந்தது, அவன் விரலை எடுக்கவில்லை.

சாமியார் தொண்டையைச் செருமிக்கொண்டு, புத்தகத்தில் உள்ளதை உள்ளபடி, யாரையும் பார்க்காமல் கேட்டார். "இந்தப் பிள்ளைக்கு என்ன பெயர் இடுகிறீர்கள்?"

கோயிலில் வாசகம் வாசிக்கக்கூட நான் அதுவரை எழுந்து நின்றதில்லை. ஊரில் உள்ள எல்லா முகமும் என் வாயைப் பார்த்தது. எனக்குத் தெரியாத முகம் அதில் ஒன்றும் இல்லை. எல்லோரும் மெலிந்திருந்தார்கள். என் வாயிலிருந்து ஏதோ வந்தது, எனக்கே கேட்கவில்லை.

"சத்தமாச் சொல்லு எமரன்சி," என்றாள் மைனி.

"ரோனான்," என்றேன்.

சாமியார் தண்ணீரை ஊற்றினார். பிள்ளை அழுதது, அது ஒன்றுதான் அப்போது கோயிலில் கேட்ட சத்தம்.

வெளியே வந்தபோது ஏழு பேரும் மணல்மேடுவரை ஏறி வந்திருந்தார்கள். ஒல்லியான ரோனான் மட்டும் முன்னால் வந்து, தன் பேரனைக் குனிந்து பார்த்து, ஈர விரலால் அவன் நெற்றியைத் தொட்டார். பிள்ளை தும்மியது. அவர் சிரித்தார். அவருக்குப் பின்னால் பிரந்தான் ஊரைப் பார்த்துக் கையை விரித்துக்கொண்டு நின்றார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டை யாரும் திட்டவில்லை, கல்லெறியவில்லை, குடிதண்ணீர்க் குழாயில் எங்கள் குடத்தை யாரும் நகர்த்தி வைக்கவில்லை. எங்களோடு பேசுவதை மட்டும் நிறுத்தினார்கள். மாசமாக இருந்த பெண்கள் ஒருவர்பின் ஒருவராகக் காலை பஸ்ஸில் ஏறித் தூத்துக்குடிக்கும் நாகர்கோவிலுக்கும் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போனார்கள். செலஸ்தீனம்மாளின் மருமகள்தான் முதலில் போனாள். கடல் அப்படியே கிடந்தது. படகு பன்னிரண்டு மணிக்கு வந்தது.

ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் உள்ள தகரக்கொட்டகையில் மாமினி என்று ஒரு பெண் இருந்தாள். ஒடிசாவிலிருந்து புருஷனோடு வேலைக்கு வந்தவள். கம்பெனி ஓடாததால் ஊருக்குத் திரும்பவும் வழியில்லாமல், நிறைமாசமாக இருந்தாள். மணல்மேட்டுக் கல்லைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஒரு செவ்வாய்க்கிழமை பர்னபாஸ் மாமாவும் செலஸ்தீனம்மாளும் இன்னும் இரண்டு பேரும் தாம்பாளத்தில் சேலையும் பழமும் எடுத்துக்கொண்டு அந்தக் கொட்டகைக்குப் போனதைப் பார்த்தேன். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இங்கே வந்து இரண்டு வருஷத்தில் அவள் வீட்டுக்கு ஊர்க்காரர் யாரும் வந்ததில்லை. மறுநாள் குழாயடியில் என்னைப் பார்த்ததும், வயிற்றைத் தடவிக்கொண்டு, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள்.

"அக்கா, ஊரு பேரு குடுத்துச்சு. நல்ல பேரு. தெக்... தெக்கலான். சரியா?"

பின்னால் குடத்தோடு நின்ற பெண்கள், "சரி, சரி," என்று சிரித்தார்கள். ஒருத்தி அவள் குடத்தைத் தானே தூக்கி இடுப்பில் வைத்துவிட்டாள்.

அவளிடம் சொல்லி என்ன ஆகும் என்று அன்று முழுவதும் யோசித்தேன். போக இடமில்லாதவள். அவள் இல்லாவிட்டால் அடுத்து ஒருத்தி, கல்லைப் பற்றித் தெரியாதவளாகப் பார்த்துப் பிடிப்பார்கள், கையில் பழத்தாம்பாளம் இருக்கும், பேருதானே என்பார்கள். அந்த ஒரு சொல்லுக்குள் ஊரே ஒதுங்கி நின்றது, மழைக்கு ஒதுங்குவதுபோல. அந்தச் சொல்லை எடுத்துக் கொடுத்தவள் நான்.

மறுநாள் பன்னிரண்டு மணிக்குக் கரைக்குப் போனேன். பிரந்தான் என்னைக் கண்டதும் பள்ளிப்பிள்ளைபோல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஒரு பேரு," என்றார்.

"இல்ல," என்றேன். "ரெண்டு பேரு, மூணு பேரு, சரி. ஒண்ணுன்னா ஆளு. ஒரு ஆளு."

"ஆளு," என்றார். அந்தச் சொல் அவர் வாயில் சரியாக உட்கார்ந்தது. பிறகு, அது என்ன என்று காட்டச் சொல்லி, என் கையைப் பார்த்தார்.

யாரையாவது காட்ட வேண்டியிருந்தது. வெறும் வலையோடு கரையேறிக்கொண்டிருந்த ஆண்களில் என் அண்ணனும் இருந்தான். கோயில் வாசலில் பர்னபாஸ் மாமா நின்றார். கருவாட்டுத் தளத்தில் செலஸ்தீனம்மாள் நின்றாள். என் கை ஒவ்வொருவர் பக்கமும் போகப் பார்த்து நின்றது. கடைசியில், கடற்கரையை ஒட்டி வரிசையாக இருந்த வீடுகளை, இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை, எங்கள் வீட்டையும் சேர்த்து, விரலை எங்கும் நிறுத்தாமல் காட்டினேன்.

பிரந்தான் எழுந்தார். மற்ற ஆறு பேரும் எழுந்தார்கள். மாலைமணி அடிக்கும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை. இத்தனை நாளில் முதல்முறையாக ஊருக்குள் நடந்தார்கள், அவர்கள் கால் பட்ட இடமெல்லாம் தெருமண் கருத்தது, அவர்களுக்கு முன்னால் கதவுகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன, ஜன்னல்கள் மூடிக்கொண்டன, கோயில் வாசலில் நின்ற பர்னபாஸ் மாமா வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடித் தன் வீட்டுக்குள் நுழைந்து தாழ்ப்பாளைப் போடும் சத்தம் தெரு முழுவதும் கேட்டது.

அவர்கள் அந்த வீட்டின் முன்னால்தான் முதலில் நின்றார்கள். பிரந்தான் கதவைத் தட்டினார், மரியாதையாக, இரண்டு தட்டு.

"ஒரு ஆளு," என்றார்.

உள்ளிருந்து பர்னபாஸ் மாமாவின் குரல், கடன்காரனுக்கும் நன்கொடை கேட்கிறவனுக்கும் எங்கள் ஊரில் எல்லோரும் சொல்கிறதைச் சொன்னது.

"வீட்டுல ஆளு இல்ல!"

நான் கற்றுக்கொடுத்ததைப் பிரந்தான் நன்றாகவே படித்திருந்தார். தலையைச் சாய்த்து, குரல் வந்த இடத்தைக் கதவின்மேல் விரலால் தொட்டார்.

"ஒரு ஆளு," என்றார் மற்ற ஆறு பேரிடமும், படகில் பலகைகளைத் தட்டி எண்ணிய அதே குரலில். பிறகு அடுத்த கதவைத் தட்டப் போனார்.